சேத்துல பிறந்த இரும்பு

பழைய புல்லட்டை வாங்கி, நட்டு நட்டாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி ஓட வைக்கிற ஆட்களை நீங்க பார்த்திருப்பீங்க. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் மாதிரி நாடுகளில் சிலபேர் இதையே ராணுவ டாங்கியில் செய்கிறார்கள். ஆற்றுக்குள் மூழ்கிக் கிடந்தது, பயிற்சி மைதானத்தில் நிறுத்தி வைத்துச் சுட்டுத் தள்ளியது, பழைய இரும்புக்கடை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது என்று எங்கெங்கோ தேடிப் பிடித்துக் கொண்டு வருகிறார்கள். முப்பது நாற்பது டன் இரும்பு. வருஷக்கணக்கில் வேலை. கடைசியில் அது புகையைக் கக்கிக்கொண்டு ஐம்பது அடி நகர்ந்தால் போதும், அவர்களுக்கு அன்றைக்குத்தான் தீபாவளி.

சென்னையில் இருக்கிற என் தங்கச்சி மகன் இதைப் பற்றிக் கேட்டான். "ஏன் மாமா, அந்தக் காசுக்கு ஒரு ஊருக்கே ஆஸ்பத்திரி கட்டலாமே. ஆளைக் கொல்ற வண்டிக்கு இவ்வளவு சீராட்டா?" நியாயமான கேள்விதான். அதே டாங்கியைப் பார்த்ததும் வாயைப் பிளந்து, எத்தனை மில்லிமீட்டர் குழாய், எத்தனை குதிரைத்திறன் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிற பையன்களும் உண்டு. இந்த ரெண்டு பக்கமும் நான் இல்லை. என் கருத்து இதுதான்: இது நல்ல வேலை, நடக்க வேண்டிய வேலை. ஆனால் எதை ஓட வைக்கணும், எதைத் தொடாமல் விடணும் என்று தெரிந்தவன் செய்ய வேண்டிய வேலை.

டாங்கியைப் பற்றிப் பேச விவசாயிக்கு என்ன இருக்கு என்று கேட்பீங்க. இருக்கு. டாங்கி எங்க வீட்டுப் பிள்ளை. வழி தவறிப் போன பிள்ளை, அவ்வளவுதான்.

தை மாசம் அறுப்பு நேரத்தில் மழை பெய்து வயல் ஈரமாகிவிட்டால் டயர் வைத்த அறுவடை மெஷின் இறங்காது. இறங்கினால் அச்சு வரைக்கும் புதையும். அப்போது எல்லாரும் பெல்ட் வண்டிக்குத்தான் அலைவோம். சில ஊர்களில் செயின் வண்டி என்பார்கள். வாடகை கூடத்தான், ஆனாலும் வேற வழி கிடையாது. சக்கரம் ஒரு சின்ன இடத்தில் மொத்தப் பாரத்தையும் வைத்து அழுத்தும். பெல்ட்டு அந்தப் பாரத்தை நீளவாக்கில் பரப்பிவிடும். சேறு தாங்கிக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான்.

இதே தலைவலி நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி கலிபோர்னியா விவசாயிகளுக்கு இருந்தது. அங்கே ஸ்டாக்டன் ஊரைச் சுற்றி ஆற்றுமுகத்து நிலம், கறுப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். நீராவி டிராக்டர்கள் அதில் இறங்கினால் புதைந்தன. சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள். அகலமாக்கி அகலமாக்கி, வண்டி திரும்ப முடியாத அளவுக்குப் போய்விட்டது. பெஞ்சமின் ஹோல்ட் என்கிற டிராக்டர் தயாரிப்பாளர் 1904 நவம்பரில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் கோத்த சங்கிலிப் பட்டையை மாட்டி ஓட்டினார். வண்டி புதையவில்லை. கம்பளிப்பூச்சி ஊர்வது மாதிரி ஊர்கிறதே என்று யாரோ சொல்ல, கேட்டர்பில்லர் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பொக்லைன், புல்டோசர் மேல் இன்றைக்கும் நீங்க பார்க்கிற பேர் அங்கிருந்து வந்ததுதான்.

பத்து வருஷம் கழித்து முதல் உலகப் போர். பிரான்ஸ் மண்ணில் பதுங்குகுழி, முள்கம்பி, முழங்கால் சேறு. பீரங்கி இழுக்க ஹோல்ட் டிராக்டர்கள் போயின. டிராக்டர் சேற்றில் போகிறதே, அதற்கு மேல் இரும்புத் தகடு போர்த்தினால் என்ன என்று எர்னஸ்ட் ஸ்விண்டன் மாதிரி சில பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குத் தோன்றியது. அந்த வேலையை எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? லிங்கன் ஊரில் இருந்த வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனிக்கு. அது துப்பாக்கிக் கம்பெனி கிடையாது. கதிரடிக்கிற மெஷினும் விவசாய இன்ஜினும் செய்துகொண்டிருந்த கம்பெனி. 1915 செப்டம்பரில் அங்கே ஓடிய 'லிட்டில் வில்லி' தான் முதல் டாங்கி மாதிரி. ரகசியம் வெளியே போகக்கூடாது என்று, தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று சொல்லி வைத்தார்கள். அதனால்தான் அதற்கு டேங்க் என்று பேர். 1916 செப்டம்பர் 15-ல் அது முதல் தடவையாகச் சண்டைக்குப் போனது.

ஆக, சேற்றில் உழ வந்த யோசனையைத்தான் எடுத்து ஆளைக் கொல்லப் பழக்கினார்கள். 2022-ல் உக்ரைனில் ரஷ்ய ராணுவம் விட்டுவிட்டுப் போன கவச வண்டிகளை அங்கத்திய விவசாயிகள் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்களே, அந்தப் படங்களைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்த நாட்டுத் தபால்துறை அதை ஸ்டாம்பாகவே போட்டது. எனக்கு அதில் சிரிப்போடு இன்னொன்றும் தெரிந்தது. தாத்தா வந்து பேரனைக் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போகிற மாதிரி இருந்தது.

சரி, இந்த மறுசீரமைப்பு வேலைக்குள் என்ன இருக்கு என்று பார்ப்போம். வெளியே பெயிண்ட் அடித்து நிறுத்துவது இல்லை இது. முதலில் இன்ஜின் இறுகிப் போயிருக்கும். பிஸ்டனும் சிலிண்டரும் துருவோடு ஒன்றாகியிருக்கும். எண்ணெய் ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, அசைத்து அசைத்துப் பிரிக்கணும். கிணற்று மோட்டாரைப் பிரித்தவர்களுக்கு இந்தப் பொறுமை தெரியும். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் முடிந்தது கதை. கிடைக்காத பாகத்துக்கு உடைந்த பாகத்தையே அளவெடுத்து, அச்சு செய்து, வார்த்து, கடைந்து எடுக்கணும். வரைபடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அதே மாதிரி இன்னொரு வண்டி எந்த மியூசியத்தில் நிற்கிறது என்று பார்த்து, அங்கே போய் அளவெடுத்துவிட்டு வரணும்.

ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை எடுத்துக்குங்க. அதன் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து அடுக்கடுக்காக இருக்கும். பாரம் சீராகப் பரவ அது நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே இருக்கிற ஒரு சக்கரம் கெட்டால், அதை எடுக்க வெளியே இருக்கிற நல்ல சக்கரங்களையும் கழற்றணும். இடையில் சேறு போய் அடைந்துகொண்டு, ராத்திரிக் குளிரில் கட்டியாக உறைந்து போகும். அதைவிட மோசம், இன்ஜின் சுழற்சியைப் பட்டைக்குக் கொண்டு போகிற கடைசிப் பல்சக்கரங்கள். வண்டியின் எடைக்கு அவை தாங்கவில்லை. போருக்குப் பிறகு பாந்தர்களை வைத்திருந்த பிரெஞ்சு ராணுவம், அந்தப் பாகத்தின் ஆயுசு சுமார் 150 கிலோமீட்டர்தான் என்று எழுதி வைத்தது. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்ப முடியாது! உலகமே பயந்த வண்டியின் நிஜம் இது. போஸ்டரில் இருக்கிற டாங்கி இதைச் சொல்லாது. பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் ஜாக்ஸ் லிட்டில்ஃபீல்ட் என்று ஒருத்தர் இருந்தார். கலிபோர்னியாவில் போர்டோலா வேலி என்கிற இடத்தில் தன் சொந்த நிலத்தில் இருநூறுக்கு மேல் ராணுவ வண்டிகளைச் சேர்த்து, அதற்கென்றே பட்டறை போட்டு, ஆட்களை வைத்துச் சரி செய்தவர். அவர் வாங்கியதில் ஒன்று, போலந்தில் ஒரு ஆற்றுக்குள் பல பத்து வருஷம் கிடந்த பாந்தர். அதை ஓட வைக்க வருஷக்கணக்கில் ஆனது. 2009-ல் அவர் இறந்தார். பிறகு குடும்பத்தார் சேகரிப்பைக் காலிங்ஸ் ஃபவுண்டேஷன் என்கிற அமைப்புக்குக் கொடுக்க, 2014-ல் பெரும்பகுதி ஏலத்தில் போனது. பாந்தரும் வேறு சில வண்டிகளும் இப்போது மாசசூசெட்ஸில் ஒரு மியூசியத்தில் இருக்கின்றன. தன் காசைப் போட்டு, தன் ஆயுசைப் போட்டு, கடைசியில் பொதுமக்கள் போய்ப் பார்க்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

எல்லாரும் அப்படி இல்லை. ஜெர்மனியில் கீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டு நிலவறையில் ஒரு பாந்தர் டாங்கியே இருந்தது. 2015-ல் போலீஸ் சோதனை போட்டு, ராணுவத்தை வரவழைத்து, ஏறக்குறைய இருபது சிப்பாய்கள் ஒன்பது மணி நேரம் பாடுபட்டு வெளியே எடுத்தார்கள். கூடவே ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கி, ஒரு டார்பிடோ. 1978 பனிக்காலத்தில் அவர் அந்த டாங்கியை வெளியே எடுத்துப் பனி ஒதுக்க ஓட்டியதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். 2021-ல் கோர்ட்டு அவருக்கு 2,50,000 யூரோ கட்டச் சொன்னது. நாலு பேர் வந்து பார்க்கவோ கற்றுக்கொள்ளவோ வழியில்லாமல் நிலவறையில் பூட்டி வைப்பதை நான் இந்த வேலையில் சேர்க்க மாட்டேன். அது பதுக்கல். நெல்லைப் பதுக்கினாலும் டாங்கியைப் பதுக்கினாலும் பேர் ஒன்றுதான்.

இப்போது அந்த 'கொலை வண்டிக்குச் சீராட்டா' கேள்விக்கு வருகிறேன்.

போரைப் புகழ்வது பழைய டாங்கி இல்லை. சினிமா புகழும், வீடியோ கேம் புகழும். அதில் டாங்கி ஸ்டார்ட் ஆகாமல் நிற்காது, உள்ளே ஆளுக்கு மூச்சு முட்டாது. நிஜ வண்டிக்குள் இறங்கினால் கதை வேற. முதல் உலகப் போரின் மார்க் 4 டாங்கியில் எட்டுப் பேர். அதே அறையில் நட்டநடுவில் இன்ஜின், தடுப்பு எதுவும் கிடையாது. உள்ளே சூடு ஐம்பது டிகிரி வரை போகும். இன்ஜின் புகையில் ஆட்கள் மயங்கி விழுவார்கள். சத்தத்தில் பேச முடியாது, சுத்தியலால் தட்டித்தான் சைகை. நம்ம நெல் அவிக்கிற கொட்டகையில் கதவை அடைத்துக்கொண்டு, ஒரு ஆயில் இன்ஜினையும் உள்ளேயே ஓடவிட்டு நின்றால் எப்படி இருக்கும்? அதுதான். மேலே குண்டு வேற விழுந்துகொண்டிருக்கும். அந்த வண்டியின் உள்ளே ஒரு தடவை குனிந்து பார்த்தவன், போரைப் பற்றி இலேசாகப் பேச மாட்டான். ஆஸ்பத்திரியும் வேணும், இந்த ஞாபகமும் வேணும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்ட வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஞாபகம் வண்டியில் தங்கணும் என்றால், சரி செய்கிறவன் கை ஒரு இடத்தில் நிற்கத் தெரியணும். இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு டாங்கியைப் பற்றிச் சொல்லணும். அது ஓடாது. ஓட வைக்க யாரும் முயற்சி செய்யவும் இல்லை.

பிரான்ஸின் வடக்கே காம்ப்ரே என்கிற ஊர். அங்கே 1917 நவம்பர் 20-ல் பிரிட்டிஷ் ராணுவம் நானூறுக்கு மேல் டாங்கிகளை ஒரே காலையில் இறக்கியது. பக்கத்துக் கிராமம் ஃபிளெஸ்கியேர். அந்தக் கிராமத் தெருவைத் தாண்டும்போது, டி51 என்ற எண்ணும் டெபோரா என்ற பேரும் கொண்ட ஒரு மார்க் 4 டாங்கி மேல் குண்டுகள் விழுந்தன. எட்டுப் பேரில் ஐந்து பேர் செத்தார்கள். பிறகு அந்த உடைந்த டாங்கி ஒரு குழியில் தள்ளப்பட்டு மண்ணுக்குள் போய்விட்டது. மேலே மண் மூடியது, புல் முளைத்தது, கிராமம் அதன் வேலையைப் பார்த்தது.

காம்ப்ரேயில் ஹோட்டல் நடத்திய பிலிப் கோர்சின்ஸ்கி என்பவருக்கு இந்தப் போர்க்களத்தின் மேல் ஆர்வம். அந்தக் கிராமத்து மூதாட்டி ஒருத்தர், சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு டாங்கியைப் பெரிய குழிக்குள் தள்ளியதைப் பார்த்தேன் என்று அவரிடம் சொன்னார். அந்த ஒரு பேச்சை நம்பி அவர் வருஷக்கணக்கில் தேடினார். 1998 நவம்பரில் தோண்டியபோது, தரைக்குக் கீழே டாங்கி இருந்தது. ஒரு கிழவியின் ஞாபகம் எந்த ஆவணத்தையும்விட உறுதியாக இருந்திருக்கிறது. நம்ம ஊரில் பழைய வாய்க்கால் எங்கே ஓடியது, எந்த மேட்டுக்கு அடியில் கிணறு இருந்தது என்று கேட்டால் எழுபது வயசுக்காரர்தானே கையை நீட்டிக் காட்டுகிறார். அது மாதிரிதான்.

வெளியே எடுத்த டெபோராவை அதே கிராமத்தில் ஒரு பழைய தானியக் கொட்டகையில் வைத்தார்கள். முன்பக்கம் கிழிந்து தொங்கியது. அதை வெல்டிங் வைத்து மூடியிருக்கலாம். இன்ஜினைத் தேடிப் போட்டு, பச்சையாகப் பெயிண்ட் அடித்து, விழாவில் ஓட்டியிருக்கலாம். கூட்டம் வந்திருக்கும். செய்யவில்லை. மேலும் துருப்பிடிக்காமல் காப்பாற்றி, காயத்தைக் காயமாகவே விட்டார்கள். 2017-ல், சரியாக நூறாவது வருஷத்தில், அதற்கென்று ஒரு மியூசியம் கட்டி அங்கே கொண்டு போய் வைத்தார்கள். செத்துப்போன அந்த ஐந்து பேரைப் புதைத்த மயானத்துக்குப் பக்கத்திலேயே. வண்டியும் அதன் ஆட்களும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில்.

அந்தக் கிழிசலைத் தகடு வைத்து மூடியிருந்தால், ஐந்து பேர் எப்படிச் செத்தார்கள் என்பதையும் சேர்த்து மூடியிருப்பார்கள். துடைத்துப் பளபளப்பாக்கிய வண்டி விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

அப்படியென்றால் எதையும் ஓட வைக்கக் கூடாதா? அதுவும் இல்லை. இங்கிலாந்தில் பாவிங்டன் டாங்கி மியூசியத்தில் 131-ஆம் எண் டைகர் இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்தது. 1990-ல் மறுசீரமைப்புக்கு எடுத்து, 2003 டிசம்பரில் ஓடுகிற இன்ஜினோடு திரும்பி வந்தது. இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற முதல்ரக டைகர் அது ஒன்றுதான் என்கிறார்கள். வருஷத்தில் ரொம்பக் கொஞ்ச நாள்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அதன் மேல் குண்டு பட்டுச் சிராய்த்த தழும்புகளை அழிக்கவில்லை. குண்டு எங்கே பட்டது, உள்ளே இருந்தவர்கள் ஏன் இறங்கி ஓடினார்கள் என்று இப்போதும் விரலால் தொட்டுக் காட்டலாம். ஓடவும் செய்கிறது, தழும்பும் இருக்கிறது. இதுதான் நான் சொல்கிற பக்குவம்.

இன்னொரு விஷயத்திலும் நேர்மை வேணும். மூணு உடைந்த வண்டியிலிருந்து பாகம் எடுத்து ஒரு வண்டி செய்வது இந்தத் தொழிலில் சகஜம். தப்பில்லை. எங்க தாத்தா கலப்பை என்று நாங்களும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொழு எத்தனை தடவை மாற்றியிருக்கிறது, மேழி மாற்றியிருக்கிறது, ஏர்க்கால் மாற்றியிருக்கிறது. ஆனாலும் தாத்தா கலப்பைதான். மாற்றினதை மறைக்காமல் சொன்னால் அது கலப்பை. மறைத்து, எல்லாம் ஆதியில் வந்ததுதான் என்று சொல்லி விலை ஏற்றினால் அது வியாபாரத் தந்திரம். எது பழசு, எது நேற்று வார்த்தது என்று எழுதி வைக்காமல் சரி செய்கிறவன், அடுத்த தலைமுறைக்குப் பொய் சாட்சி சொல்கிறான்.

நம்ம பக்கம் என்ன நிலைமை? சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில்தான் 1960-களில் இந்தியாவின் முதல் டாங்கித் தொழிற்சாலை வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பை வைத்துச் செய்த விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் கிளம்பியது. 1971 போரில் ஓடியது. அதன் லேலண்ட் எல்60 இன்ஜின் பிரிட்டனிலேயே ராணுவத்தைப் படாத பாடு படுத்திய இன்ஜின். அந்தச் சண்டி இன்ஜினை இங்கத்திய வெயிலிலும் புழுதியிலும் நம்ம ஆட்கள் கட்டி மேய்த்தார்கள். பெரிய வித்தை அது. விஜயந்தாக்கள் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. மகாராஷ்டிராவில் அகில்யாநகர் (பழைய அகமதுநகர்) டாங்கி மியூசியம் போல ஒரு சில இடங்களை விட்டால், நம்ம நாட்டில் ஓய்வு பெற்ற டாங்கி என்றால் ரவுண்டானாவிலோ கேம்பஸ் வாசலிலோ சிமெண்டு மேடையில் நிற்கிற ஒன்று. மேலே பெயிண்ட், அதற்கு மேல் பெயிண்ட். முன்னால் நின்று செல்ஃபி. உள்ளே என்ன இருக்கு, எப்படி ஓடியது, யார் பிரித்துப் பூட்டினார்கள், ஒன்றும் தெரியாது.

என் ஆசை இதுதான். பத்து டாங்கி மேடையில் நிற்பதைவிட, ஒரே ஒரு டாங்கி ஒரு ஐடிஐ கொட்டகையிலோ பாலிடெக்னிக் பட்டறையிலோ பிரித்துக் கிடப்பது மேல். பீரங்கியைச் செயலிழக்க வைத்துவிட்டுக் கொடுக்கட்டும். அந்த இன்ஜினைத் தொட்டுப் பழகிய ரிட்டயர்டு மெக்கானிக்குகள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து "அது இல்லடா தம்பி, இந்தப் பக்கம் திருப்பு" என்று சொல்ல, பையன்கள் கையில் கிரீஸ் ஒட்ட வேலை செய்யட்டும். இரும்பு நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்தாலும் தோண்டி எடுத்துவிடலாம், டெபோரா மாதிரி. கைவேலை அப்படி இல்லை. அந்தக் கை போனால் அதோடு போச்சு. எந்த ஆற்றில் தேடினாலும் கிடைக்காது.

இது டாங்கிக்கு மட்டும் சொல்கிற பேச்சில்லை. கரண்டு வருவதற்கு முன்னாடி நம்ம கிணறுகளை இறைத்த ஆயில் இன்ஜின்கள் எத்தனை மோட்டார் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன! பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி, சரியான நொடியில் நெம்பை விட்டு அதைக் கிளப்பத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு மூணு பேர்தான் மிச்சம். பழைய இரும்பு வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொண்டு போகிறான். நாமும் இடம் காலியாச்சு என்று விட்டுவிடுகிறோம்.

அதனால் அடுத்த தடவை வெளிநாடு போய் டாங்கி மியூசியத்துக்குள் நுழைந்தால், பீரங்கிக் குழாய் பக்கம் நின்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீங்க. பட்டையைப் பாருங்க, அது வயக்காட்டிலிருந்து வந்தது. தழும்பைப் பாருங்க. மூலையில் எண்ணெய்த் துணியோடு நிற்கிற வயசானவரிடம் ரெண்டு வார்த்தை பேசுங்க. அவருக்குத் தெரிந்தது பக்கத்துப் பலகையில் எழுதியிருக்காது.